மேலே பார்த்தவரும் பார்க்காமல் விட்டவரும்: ஆங்கிலத்தில் பார்வை வினைகள் வளர்ந்த கதை



ஓர் அலுவலகத்திலிருந்து ஆங்கிலக் கடிதம் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஓவர்சைட்’ காரணமாக உங்கள் பெயர் பட்டியலில் விடுபட்டுவிட்டது என்று அதில் எழுதியிருக்கிறது. மாணவர் ஒருவர் அகராதியைப் புரட்டுகிறார். ‘ஓவர்சைட்’ என்றால் மேற்பார்வை என்று போட்டிருக்கிறது. உடனே, “மேற்பார்வையின் காரணமாக உங்கள் பெயர் விடுபட்டது” என்று தமிழில் எழுதிவிடுகிறார். அகராதி பொய் சொல்லவில்லை. ஆனால் கடிதம் சொல்ல வந்ததே வேறு. ‘கவனக்குறைவால் விட்டுவிட்டோம்’ என்று அவர்கள் வருத்தம் தெரிவிக்கிறார்கள். மொழிபெயர்ப்போ, யாரோ மேலிருந்து பார்த்து வேண்டுமென்றே நீக்கியதுபோல் ஆக்கிவிட்டது.

ஒரே சொல் எப்படி ‘நன்றாகப் பார்ப்பது’, ‘பார்க்காமல் விடுவது’ என்று இரண்டு எதிர்ப்பொருளையும் தருகிறது? ‘லுக் ஆஃப்டர்’, ‘லுக் இன்டூ’, ‘லுக் அப்’, ‘சீ ஆஃப்’, ‘சீ த்ரூ’ என்று நீளும் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டுத் தேர்வு அறையில் குழம்பும் மாணவர்களுக்கும் இதே கேள்விதான். இந்தச் சேர்க்கைகளைப் பட்டியலாகப் படித்தால் சுமை. வரலாறாகப் படித்தால் பாதிச் சுமை தானாகவே இறங்கிவிடும். அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

‘நாம தமிழாசிரியர்கள், நமக்கு எதுக்கு இது?’ என்று கேட்கலாம். ஆங்கில வகுப்பில் உட்காருவதும் தமிழ் வகுப்பில் மொழிபெயர்ப்பதும் ஒரே பிள்ளைதானே! அதோடு, இந்தக் கதையின் நடுவே நம் தோட்டப்புறத்துச் சொல் ஒன்றும் வந்து நிற்கும்.

மூன்று வினைகள், மூன்று வேலைகள்

முதலில் அடிப்படை வினைகள் மூன்றைப் பிரித்துக்கொள்வோம். ‘சீ’ என்றதும் முகம் சுளிக்காதீங்க, பார்வை வினையைத்தான் சொல்கிறேன்.

‘லுக்’ என்பது செயல். கண்ணை ஒரு பக்கம் திருப்புவது. ‘சீ’ என்பது அந்தச் செயலின் விளைவு. கண்ணில் படுவது, தெரிவது. “எல்லா இடத்திலும் பார்த்தேன், ஆனா கண்ணுல படல” என்று நாம் பேசும்போது இரண்டுமே வந்துவிடுகின்றன. முதல் பாதி ‘லுக்’, இரண்டாம் பாதி ‘சீ’.

‘வாட்ச்’ வேறு வகை. விழித்திருத்தலைக் குறிக்கும் ‘வேக்’ என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. தூங்காமல் விழித்திருப்பதுதான் இதன் முதற்பொருள். அதிலிருந்து காவல் காப்பது, அதிலிருந்து கவனித்துப் பார்ப்பது என்று பொருள் வளர்ந்தது. இரவுக் காவலின் ஒரு பகுதிக்கும் ‘வாட்ச்’ என்றே பெயர். நாம் யாமம், சாமம் என்கிறோமே, அதுபோல. வாட்ச்மேன் என்ற சொல்லில் அந்தப் பழைய காவல் இன்னும் இருக்கிறது.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? அடிப்படைப் பொருளே எந்தச் சிறு சொல் பின்னால் வரும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. ‘லுக்’ ஒரு திசையை நோக்கிய செயல் என்பதால் மேலே, கீழே, உள்ளே, முன்னே, பின்னே என்று எல்லாத் திசைச் சொல்லும் அதனோடு சேரும். ‘சீ’ முடிவைக் காட்டுவதால், ஒன்றைக் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்க்கும் பொருளில் அதிகம் வரும். ‘சீ ஆஃப்’ என்றால் வழியனுப்புவது. புறப்படுபவர் கிளம்பிப் போகும்வரை உடன் நிற்பது. ‘சீ டு’ என்றால் ஒரு வேலையைப் பார்த்து முடிப்பது. ‘வாட்ச் ஓவர்’, ‘வாட்ச் அவுட்’ இரண்டிலும் காவல்காரரின் விழிப்பு தெரிகிறது.

முன்னால் நின்ற சொல் பின்னால் போனது

இனி வரலாற்றுக்கு வருவோம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் திசையையும் நிலையையும் காட்டும் சிறு சொற்கள் பல, வினைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வந்தன. ‘ஃபோர்’ என்ற முன்னொட்டோடு பார்வை வினை சேர்ந்தால் ‘இகழ்தல்’ என்று பொருள். அந்தச் சொல் இன்று இல்லை. ‘ஓவர்சீ’, ‘ஃபோர்சீ’, ‘பிஹோல்ட்’ போன்ற சில மட்டும் பிழைத்திருக்கின்றன. ‘ஃபோர்சீ’ என்றால் வருமுன் காண்பது. இதில் இருக்கும் ‘ஃபோர்’ முன் என்ற பொருள் தருவது. இகழ்தலைக் காட்டிய முன்னொட்டு வேறு.

அக்கால ஆங்கிலத்தில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருவதும் உண்டு. நம் தமிழ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பிறகு மெல்ல மெல்ல வினை முன்னுக்கு நகர்ந்து, எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற இன்றைய வரிசை நிலைத்தது. வினை முன்னே நகர்ந்தபோது, தனித்து நிற்கக்கூடிய சிறு சொற்கள் பின்னே தங்கிவிட்டன. ஜெர்மன் மொழியில் இந்த இரண்டு நிலையையும் இன்றைக்கும் காணலாம். உற்றுப் பார் என்ற பொருள் தரும் ‘அன்சேஹென்’ என்ற வினையில், ‘அன்’ என்ற துண்டு ஓரிடத்தில் வினைக்கு முன்னால் ஒட்டியிருக்கும்; இன்னோரிடத்தில் பிரிந்து வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும்.

இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங் மக்களின் வட மொழியிலும் சிறு சொல் வினைக்குப் பின்னால் வரும் பழக்கம் இருந்தது. அந்தத் தொடர்பும் இந்த மாற்றத்துக்குத் துணை செய்தது என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். 1154 வரை எழுதப்பட்ட பீட்டர்பரோ குறிப்பேட்டிலேயே ‘கிவ் அப்’ போன்ற பின்சொல் சேர்க்கை தலைகாட்டிவிட்டது.

ஆக, ஆங்கிலத்தில் இரண்டு அடுக்கு உண்டு. சிறு சொல் முன்னால் ஒட்டியிருப்பது பழைய அடுக்கு. அது உறைந்துபோய்விட்டது, புதிய சொல்லைப் பெரும்பாலும் பிறப்பிப்பதில்லை. சிறு சொல் பின்னால் நிற்பது பிந்திய அடுக்கு. அது இன்றும் உயிரோடு வளர்கிறது. ‘ஓவர்லுக்’, ‘லுக் ஓவர்’ இரண்டிலும் அதே இரண்டு சொற்கள்தாம். ஆனால் ஒரு கட்டுரையை ‘லுக் ஓவர்’ செய்தால் அதைப் படித்துச் சரிபார்த்தீர்கள். ஒரு பிழையை ‘ஓவர்லுக்’ செய்தால் அதைக் கவனிக்காமல் விட்டீர்கள். மதிப்பெண் போகும் இடம் இதுதான்!

லத்தீன் கொண்டுவந்த இரட்டைகள்

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன்பின் பிரெஞ்சுச் சொற்களும் பிறகு லத்தீன் சொற்களும் ஆங்கிலத்தில் வந்து குவிந்தன. லத்தீனில் சிறு சொல் எப்போதும் முன்னொட்டுத்தான். ‘பார்’ என்ற பொருள் கொண்ட ‘ஸ்பெக்’ என்ற வேரை எடுத்துக்கொள்வோம்.

உள்ளே பார்த்தால் ‘இன்ஸ்பெக்ட்’. ஆங்கிலத்தின் சொந்தச் சேர்க்கை ‘லுக் இன்டூ’.
வெளியே பார்த்துக் காத்திருந்தால் ‘எக்ஸ்பெக்ட்’. இதற்கு நெருக்கமானவை ‘லுக் அவுட் ஃபார்’, ‘லுக் ஃபார்வர்ட் டு’.
கீழே பார்த்தால் ‘டெஸ்பைஸ்’, அதாவது இகழ்தல். இதற்கு இணை ‘லுக் டவுன் ஆன்’.
அடியிலிருந்து பார்த்தால் ‘சஸ்பெக்ட்’, சந்தேகப்படுதல்.
திரும்பிப் பார்த்தால் ‘ரெஸ்பெக்ட்’, மதித்தல். இங்கே மட்டும் ஆங்கிலம் திசையை மாற்றிக்கொண்டது. மதிப்பவரை அது அண்ணாந்து பார்க்கிறது: ‘லுக் அப் டு’.

மாணவர்களே, கவனியுங்கள். இரண்டு வரிசைக்கும் நடை வேறு. அறிக்கை, அலுவலகக் கடிதம், கட்டுரை என்றால் பெரும்பாலும் லத்தீன் வரிசை. பேச்சு, உரையாடல், நட்புக் கடிதம் என்றால் சொந்த வரிசை. நண்பனுக்கு எழுதும் மடலில் ‘இன்ஸ்பெக்ட்’ என்று போட்டால், காவல் நிலையத்திலிருந்து எழுதியதுபோல் இருக்கும்.

கங்காணி என்ற நம் சொல்

இப்போது ‘ஓவர்சீயர்’ என்ற சொல்லை எடுப்போம். ‘ஓவர்’ என்றால் மேல்; ‘சீ’ என்றால் பார். மேலிருந்து பார்ப்பவர். லத்தீனில் ‘சூப்பர்’ என்றால் மேல், ‘விசு’ பார்வை. அதிலிருந்து வந்தவர் சூப்பர்வைசர். அதே லத்தீன் சொற்கள் பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்ததால் ‘சர்வேயர்’. கிரேக்கத்தில் ‘எபிஸ்கோபோஸ்’, அதுவும் மேலே பார்ப்பவர்தான். அதுதான் தேய்ந்து ‘பிஷப்’ ஆனது. தமிழ் வேதாகமத்தில் அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு எந்தத் தமிழ்ச் சொல்லைப் போட்டார்கள் தெரியுமா? ‘கண்காணி’.

கண்ணால் காண்பவர் கண்காணி. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் அலுவல்களை மேற்பார்ப்பவரைக் குறிக்க இச்சொல் வருகிறது. பேச்சில் அது ‘கங்காணி’ ஆனது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் அந்தச் சொல்லுக்கு என்ன கனம் என்று நம் தாத்தா பாட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள். கங்காணி தன் ஊருக்கே போய் ஆள் திரட்டி வருவார்; கப்பலேற்றுவார்; தோட்டத்தில் அவர்களை வேலை வாங்குவார்; தலைக்காசும் பெறுவார். 1910இல் மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்ட பிறகு கங்காணி வழியே ஆள் சேர்ப்பதுதான் முதன்மையான வழியாக இருந்தது. 1938இல் இந்திய அரசு தடை விதித்ததோடு அது முடிவுக்கு வந்தது.

மேலிருந்து பார்ப்பவர் எல்லாவற்றையும் பார்த்தாரா? பால்மரம் வெட்டியவரின் மங்கில் ஊற்றிய பால் குறைந்ததைப் பார்த்தவர், லயத்து வீட்டில் காய்ச்சலில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாரா? பார்த்தவர்களும் இருந்தார்கள், பார்த்தும் பார்க்காததுபோல் போனவர்களும் இருந்தார்கள். ‘ஓவர்சைட்’ என்ற ஒரே சொல்லில் மேற்பார்வையும் கவனக்குறைவும் சேர்ந்து உட்கார்ந்திருப்பதை நம் வகுப்பில் விளக்க இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு கிடைக்காது.

எதிர்ப்பொருள் எப்படி வந்தது?

‘ஓவர்’ என்ற சொல்லில் கண் மூன்று விதமாகப் பயணம் செய்யலாம். ஒன்று, உயரத்திலிருந்து கீழே இருப்பதன்மேல் விழுவது. அது மேற்பார்வை. இரண்டு, ஒரு பரப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடுவது. அது சரிபார்த்தல். மூன்று, பொருளின் தலைக்கு மேலாகத் தாண்டி அப்பால் போய்விடுவது. அது கவனிக்காமல் விடுதல். கண் நகரும் பாதைதான் பொருளை மாற்றுகிறது.

‘ஓவர்லுக்’ 14ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்து பார்த்தலைக் குறித்தது. 16ஆம் நூற்றாண்டில் ‘பார்க்காமல் விடு’, ‘மேற்பார்வை செய்’ என்ற இரண்டு பொருளும் அருகருகே வழங்கின. ‘ஓவர்சைட்’ சொல்லும் 15ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இரு பொருளையும் பெற்றுவிட்டது. காலப்போக்கில் வினைகள் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொண்டன. ‘ஓவர்சீ’ மேற்பார்வையை எடுத்துக்கொண்டது. ‘ஓவர்லுக்’ பெரும்பாலும் கவனக்குறைவை எடுத்துக்கொண்டது. ‘ஓவர்சைட்’ மட்டும் பங்கு பிரிக்காத கூட்டுக்குடும்பமாக நின்றுவிட்டது.

இன்னொரு சுவையான செய்தி. ஷேக்ஸ்பியர் காலத்தில் ‘ஓவர்லுக்’ என்பதற்குக் கண் வைப்பது என்ற பொருளும் இருந்தது. வெனிஸ் வணிகன் நாடகத்தில் போர்ஷியா தன் காதலனின் கண்களைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறாள். “கண்ணு பட்டுப்போச்சு, சுத்திப் போடு” என்று நம் வீடுகளில் சொல்வதை அவளிடம் சொன்னால் உடனே புரிந்துகொண்டிருப்பாள்!

பின்சொல் வினையடையா, முன்னிடைச் சொல்லா?

இனித் தேர்வுக்கு நேரே உதவும் பகுதி. வினைக்குப் பின்னால் வரும் சிறு சொல் இரண்டு வகை. ஒன்று, வினையோடு சேர்ந்து வினையடையாக இயங்கும். மற்றொன்று, தனக்குப் பின்வரும் பெயரோடு சேர்ந்து முன்னிடைச் சொல்லாக இயங்கும். கண்டுபிடிக்க எளிய சோதனை: ‘இட்’ அல்லது ‘ஹிம்’ போன்ற மாற்றுப்பெயரைப் போட்டுப் பாருங்கள்.

அகராதியில் சொல் தேடுவது ‘லுக் அப்’. இதில் ‘லுக் இட் அப்’ என்று நடுவில்தான் வரும். எனவே ‘அப்’ வினையடை.
பிள்ளையைக் கவனிப்பது ‘லுக் ஆஃப்டர்’. இதில் ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ என்று கடைசியில்தான் வரும். எனவே ‘ஆஃப்டர்’ முன்னிடைச் சொல்.

ஒலியிலும் வேறுபாடு உண்டு. வினையடை பொதுவாக அழுத்தம் பெறும். முன்னிடைச் சொல் பெரும்பாலும் மெலிந்து ஒலிக்கும். வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் காது பிடித்துக்கொள்ளும்.

‘சீ த்ரூ’ இதற்கு நல்ல உரைகல். ‘சீ த்ரூ ஹிம்’ என்றால் அவனுடைய வேஷத்தை ஊடுருவிப் பார்த்துவிட்டேன், ஏமாற மாட்டேன் என்று பொருள். ‘சீ ஹிம் த்ரூ’ என்றால் கஷ்டம் தீரும்வரை அவனுக்குத் துணை நின்றேன் என்று பொருள். முதலாவதில் ‘த்ரூ’ அவன் ஊடாகப் போகிறது. இரண்டாவதில் கஷ்டத்தின் ஊடாக, கடைசிவரை போகிறது. ஒரு சொல் இடம் மாறினால் ஏமாற்றுக்காரன் நண்பனாகிவிடுகிறான்.

அடுத்தது ‘லுக் ஃபார்வர்ட் டு’. இதற்குப் பின்னால் ‘மீட்’ என்று எழுதுவது அடிக்கடி காணும் பிழை. ‘மீட்டிங்’ என்று எழுத வேண்டும். காரணம் வரலாற்றில் இருக்கிறது. முன்னோக்கி, ஒன்றை நோக்கி, கண்ணை வைத்தல் என்பதுதான் இதன் நேர்ப்பொருள். இங்கே ‘டு’ திசையைக் காட்டும் முன்னிடைச் சொல். எனவே அதற்குப் பின் பெயரோ பெயர்போல் இயங்கும் ‘இங்’ வடிவமோதான் வரும். 1600 அளவில் வெறும் எதிர்பார்ப்பைச் சொன்ன இந்தச் சேர்க்கைக்கு, ஆவலோடு எதிர்பார்த்தல் என்ற இன்றைய பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் நிலைத்தது.

‘லுக் ஆஃப்டர்’ கதையும் அழகு. ‘ஆஃப்டர்’ என்றால் பின்னால். முதலில் ஒருவர் போகும் திசையில் பார்ப்பது, பிறகு தேடுவது, 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் பராமரிப்பது என்று பொருள் நகர்ந்தது. “நாள் பூரா பிள்ளை பின்னாலேயே ஓடிக்கிட்டு இருக்கேன்” என்று ஒரு தாய் சொல்வதில் இந்த வரலாறு முழுவதும் அடங்கிவிடுகிறது.

இந்தச் சேர்க்கைகள் வெளிநாட்டவருக்கு மிகுந்த இடர் தருபவை என்பதை சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிலேயே குறித்திருக்கிறார். ‘ஃப்ரேஸல் வெர்ப்’ என்ற பெயரைப் பரப்பியவர் லோகன் பியர்சால் ஸ்மித். 1925இல் வந்த தம் நூலில், அகராதி அறிஞர் ஹென்றி பிராட்லி தந்த பெயர் அது என்று அவர் சொல்கிறார். பெயர் வைக்கும் முன்பே பல நூற்றாண்டு வாழ்ந்துவிட்ட வினைகள் இவை.

தமிழில் அந்த வேலையை யார் செய்கிறார்கள்?

தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் நிற்பதால், பொருளை மாற்றும் சொல் பெரும்பாலும் அதற்கு முன்னால் வந்து நிற்கிறது: எதிர்பார், கூர்ந்து பார், ஏறெடுத்துப் பார். பல இடங்களில் முன்னால் நிற்கும் பெயரே போதும். வேலை பார், கணக்குப் பார், வைத்தியம் பார், நாள் பார், பெண் பார். ஆங்கிலம் வாலை மாற்றுகிறது. நாம் தலையை மாற்றுகிறோம்.

ஆனால் நமக்கும் வால் உண்டு. அதுதான் துணைவினை. ‘பார்’ என்பது வெறும் பார்வை. ‘பார்த்துக்கொள்’ என்றால் பொறுப்பேற்றுக் கவனி. ‘லுக்’ என்பதை ‘லுக் ஆஃப்டர்’ ஆக்குவதில் ‘ஆஃப்டர்’ செய்கிற வேலையைத் தமிழில் ‘கொள்’ செய்கிறது. அதனால்தான் இதைச் சொல்லுக்குச் சொல் ‘பின்னால் பார்’ என்று மொழிபெயர்க்க முடியாது. சிறு சொல்லுக்குத் தமிழ்ச் சொல் தேடாமல், அது செய்யும் வேலைக்குத் தமிழில் யார் பொறுப்பு என்று தேட வேண்டும்.

வகுப்பில் செய்து பார்க்க

1. பலகையில் ஒரு கண்ணை வரைந்து, அதிலிருந்து மேல், கீழ், உள், முன், பின், ஊடே என்று அம்புகள் போடுங்கள். ஒவ்வோர் அம்புக்கும் ஆங்கிலச் சேர்க்கை ஒன்றையும் தமிழ் வழக்கு ஒன்றையும் மாணவர்கள் எழுதட்டும்.
2. ‘ஓவர்சைட்’ வரும் இரண்டு வாக்கியங்களைக் கொடுங்கள்: ஒன்று குழுவின் பணியைப் பற்றி, மற்றொன்று விடுபட்ட பெயரைப் பற்றி. இரண்டையும் தமிழாக்கச் சொல்லி, எந்தச் சூழல் பொருளைக் காட்டிக்கொடுத்தது என்று கேளுங்கள்.
3. மாற்றுப்பெயர்ச் சோதனையை ‘லுக் ஃபார்’, ‘லுக் ஓவர்’, ‘சீ ஆஃப்’, ‘சீ டு’ ஆகிய நான்கிலும் செய்து பார்க்கட்டும்.
4. வீட்டில் மூத்தவர்களிடம் கங்காணி என்ற சொல்லைப் பற்றிக் கேட்டு ஐந்து வரி எழுதி வரச் சொல்லுங்கள். அவர் எதைப் பார்த்தார், எதைப் பார்க்காமல் விட்டார் என்பதும் அதில் இருக்கட்டும்.

மாணவர்களே, அடுத்த முறை ‘லுக்’ என்றோ ‘சீ’ என்றோ ஒரு சேர்க்கை கண்ணில் பட்டால், உடனே பட்டியலைத் தேடாதீர்கள். இங்கே கண் எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் கேளுங்கள். பிறகு அந்தச் சிறு சொல் வினையோடு நிற்கிறதா, பெயரோடு நிற்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்தால் பொருள் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். மிச்சத்துக்கு அகராதி இருக்கிறது; அதில் முதல் பொருளோடு நிறுத்திவிடாமல் கடைசிப் பொருள்வரை பார்த்துவிடுங்கள்.